எதிர்ச்சாரியில் நின்றவன்

பகலில் அவனுக்கு, விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுக்கும் வேலை. வீடு விற்றுக்கொடுக்கும் நிறுவனம் ஒன்று காலையில் முகவரிகளை அனுப்பிவிடும். அவன் போய் ஜன்னல் திரைகளை விலக்கி, மேசைமேல் கிடக்கும் மருந்துச் சீட்டுகளை இழுப்பறைக்குள் தள்ளி, அகன்ற லென்ஸை மாட்டி, பத்தடி அறையைப் பதினைந்தடியாகக் காட்டிவிட்டு வருவான்.

“ஒன் படத்த நம்பி வாங்கறவன் உள்ள போய்க் கைய நீட்டினா செவுத்துல இடிச்சுப்பான் மாப்ளே” என்பார் அத்தான். அக்காவின் கணவர். பேருந்துப் பணிமனையில் என்ஜின் பிரிக்கிறவர். பேச்சிலும் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டேயிருப்பார்.

இரவில் அவன் எடுத்த படங்கள் வேறு. ஊர் ஓய்ந்த பிறகு காரை எடுத்துக்கொண்டு புறநகர்த் தெருக்களுக்குப் போவான். ஒரே அச்சில் வார்த்தது போன்ற மாடி வீடுகள், வாசலில் கார், சுவரோரம் சாத்திய சைக்கிள், அணைக்க மறந்த ஒரு விளக்கு. பகலில் திரும்பிப் பார்க்கத் தோன்றாத வீடு, தெருவிளக்கின் மஞ்சளும் சமையலறைக் குழல்விளக்கின் வெள்ளையும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது அழகாகிவிடும். முக்காலியை நிறுத்தி முப்பது நொடி கேமராவைத் திறந்து வைப்பான். தரையில் சத்தம் எழாமலிருக்க முக்காலியின் கால்களில் சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றியிருந்தான். கைபேசியின் வாயை அடைத்துப் பையின் அடியில் போட்டுவிடுவான். நான்கு வருடமாக இதே கூத்து. அத்தான் அவனுக்கு ஆந்தை என்று பெயர் வைத்தார். அக்கா மகள் ‘ஆந்தை மாமா’ என்றே கூப்பிடப் பழகிவிட்டாள்.

யாராவது சந்தேகப்பட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தால் ஓடமாட்டான். நிறுவனத்தின் அட்டையைக் காட்டி, “வீட்டத்தாங்க எடுக்கறேன். ஆள எடுக்கறதில்ல” என்பான். அது உண்மையும்கூட. ஜன்னலில் யாராவது வந்து நின்றால், அவர்கள் நகரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பான். அந்த நியதியைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதானபோது அக்காதான் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டாள். அம்மா முன்பே போய்விட்டிருந்தாள். “ஒன் வீட்ல இருக்கறதே ஒரு ரூம்பு. அதுல பாதி கேமரா. அப்பாவ எங்க வெச்சுப் பாப்ப?” என்று அவனுக்கு வேண்டிய சாக்கையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அக்கா பல் மருத்துவமனை ஒன்றில் முன்மேசையில் வேலை பார்த்தாள். வேலை நேரத்தை மாற்றிக் கேட்டு வாங்கி, விடியுமுன் அப்பாவைக் காரில் ஏற்றிப் போய், நான்கு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து படுக்கவைத்துவிட்டு வேலைக்கு ஓடுவாள். இப்படிப் பதினான்கு மாதம்.

அவன் முதலில் ஞாயிறுதோறும் போனான். பிறகு ஞாயிறு விட்டு ஞாயிறு. பிறகு, “இந்த வாரம் வேல கொஞ்சம் நெருக்குதுக்கா.” டயாலிசிஸ் நடக்கும் இடத்துக்கு ஒரே ஒரு தடவை போனான். குழாயில் அப்பாவின் ரத்தம் வெளியே போய் உள்ளே வருவதைப் பார்த்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். அதற்கப்புறம் அக்கா அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிடாததே நல்லது என்று அவனும் இருந்துவிட்டான். அப்பா போன அன்று, இரண்டு மணி நேரத் தொலைவில், யாரோ ஒருவர் வீட்டு மாடிப்படியைப் படமெடுத்துக்கொண்டிருந்தான்.

அது நடந்து இரண்டு மாதம் கழித்துத்தான் அந்த இரவு.

தற்செயலாகத்தான் அந்தப் பக்கம் போனேன் என்று பிற்பாடு அவன் பலமுறை தனக்கே சொல்லிக்கொண்டான். அது பொய். அக்கா வீட்டெதிரே ஒரு பெரிய மரமும், நாற்பதடி தள்ளி ஒரு பழைய மஞ்சள் விளக்கும் இருப்பதையும், மழை விட்டதும் அந்த இடம் எப்படி இருக்கும் என்பதையும் இரண்டு வருடமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தான். அன்று மழை விட்டது பன்னிரண்டரைக்கு. ஒரு மணிக்கு அவன் மரத்தடியில் முக்காலியை விரித்துவிட்டான்.

வீடு முழுக்க இருட்டு. வாசலில், தெருவைப் பார்த்தபடி கார். ஈரத் தரையில் விளக்கின் மஞ்சள் கரைந்து கிடந்தது. அவன் குனிந்து கேமராவின் சட்டத்துக்குள் பார்த்தபோதுதான் காருக்குள் ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண். கைபேசியின் நீல வெளிச்சம் கீழிருந்து அவள் முகத்தில் விழுந்தது. இரவு உடுப்போடு, தலை கலைந்து, கன்னம் நனைந்து உட்கார்ந்திருந்தாள்.

அக்கா.

என்ன ஆயிற்றோ என்று அவனுக்கு நெஞ்சு திக்கென்றதும் உண்மை. முக்காலியை விட்டு ஒரு எட்டு எடுத்து வைத்ததும் உண்மை. அந்த எட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். சட்டத்துக்குள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. நான்கு வருடம் தேடியும் அப்படி ஒன்று அவனுக்கு அகப்பட்டதில்லை.

‘ஒன்றே ஒன்று எடுத்துவிட்டுப் போய்விடலாம்’ என்று நினைத்தான்.

ஒன்று எடுத்தான். முப்பது நொடியில் மனிதர்கள் கலங்கிப் போய்விடுவார்கள். மூச்சு விடுவதே போதும், முகம் புகையாகிவிடும். அவள் முகம் கலங்கவில்லை. அவ்வளவு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஆனால் மரக்கிளை ஆடிவிட்டது. இன்னொன்று எடுத்தான். அதில் தூரத்து வண்டி ஒன்றின் வெளிச்சம் வந்துவிட்டது. மூன்றாவது, நான்காவது. முக்காலியை அரையடி தள்ளிப் போட்டான். லென்ஸில் படிந்த தூறலைத் துடைத்தான். நடுவில் அவள் கைபேசியைக் காதில் வைத்தாள், இறக்கினாள், மறுபடியும் வைத்தாள். வெளிச்சம் அணைந்துவிடப் போகிறதே என்று அவன் பதறினான். அணையவில்லை.

பதினொன்றாவது படம் சரியாக வந்தது. முக்காலியை மடக்கிப் பூனைபோல நடந்து மூலையில் விட்டிருந்த தன் காருக்கு வந்தான். பையிலிருந்து கைபேசியை எடுத்தான். தவறிய அழைப்பு இரண்டு. இரண்டும் அக்கா.

என்ஜினைப் போட்டிருந்தான். திரும்பிப் போக ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் இப்போது போய்க் கண்ணாடியைத் தட்டினால், “இந்நேரத்துல எங்கடா இருந்து வர்ற?” என்று கேட்பாளே. தெருமுனை தாண்டும்வரை முகப்பு விளக்கைப் போடாமலே ஓட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் காலை கூப்பிட்டான். “கை பட்டிருக்கும்டா. ஒண்ணுமில்ல” என்றாள். சரிக்கா என்று உடனே நம்பிவிட்டான். அவ்வளவு சுலபமாக அவன் எதையும் நம்பியதில்லை.

அந்த வருடக் கடைசியில், நகரத்துக் கலைக்கூடம் ஒன்று அவன் படங்களைக் கண்காட்சியாக வைக்க முன்வந்தது. கூடத்தின் பொறுப்பாளரான அம்மாள் இருபத்துநான்கு படங்களைத் தேர்ந்தெடுத்தார். எல்லா வீட்டுக்கும் எண்தான் பெயர். ‘வீடு 17’ வந்ததும் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, “இத நாலடிக்கு அடிங்க. பெரிய செவுரு இதுக்குத்தான்” என்றார்.

அவன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் கணினியில் உட்கார்ந்து காரின் எண்ணை அழித்தான். அதுவே போதும், சின்ன முகம், யாருக்குத் தெரியப்போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டான். அச்சடிக்கும் கடையில் தாள் நாலடிக்கு நீண்டு வெளியே வந்தபோது, மை வாசனைக்கு நடுவே அச்சடிப்பவர் குனிந்து பார்த்து, “இந்தம்மா மொகம் என்னமா வந்திருக்கு சார்! கண்ணு ஓரத்துல ஈரம்கூடத் தெரியுது” என்றார். “முகத்த மட்டும் கொஞ்சம் இருட்டாக்கி இன்னொண்ணு அடிங்க” என்றான். அடித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தான். இருட்டாக்கியதில் உயிர் இல்லை.

முதல் தாளையே சுருட்டிக்கொண்டு வந்தான்.

அக்கா வீட்டுக்கு அவன் சொல்லவில்லை. ‘சும்மா சின்னதா வெக்கறாங்க, அப்புறம் ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன்’ என்று மழுப்பி வைத்திருந்தான். ஆனால் பணிமனையில் யாரோ செய்தித்தாளில் அவன் பெயரைப் பார்த்து அத்தானிடம் காட்டிவிட்டார்கள். முதல் நாள் மாலை, கூடம் நிறைந்து ஆட்கள் நிற்கும்போது, மூவரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். அத்தான் தலையை நனைத்துப் படிய வாரியிருந்தார்.

“ஆந்தைக்கு வந்த வாழ்வப் பாரேன்!” என்று அவன் தோளில் ஓங்கித் தட்டினார். “சொல்லாம விட்டா வராம இருந்துடுவோமா?”

அக்கா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். “இஸ்திரி போடக் கூடாதாடா, இன்னிக்காவது?” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவ்வளவு பெருமை இருந்தது.

அக்காவின் ஒன்பது வயது மகள் எல்லாருக்கும் முன்னால் ஓடினாள். படங்களை எண்ணிக்கொண்டே போனவள் பெரிய சுவரெதிரே போய் நின்றாள்.

“அம்மா! இங்க வாயேன். நம்ம காரு!”

“கத்தாத. எல்லாரும் இந்தக் காருதான் வாங்கறாங்க” என்றபடி அக்கா வந்தாள்.

“இல்லம்மா, கண்ணாடில நான் ஒட்டின வாத்து இருக்கு பாரு.” பிள்ளை இன்னும் கிட்டே போனாள். “ஆனா நம்பரே இல்ல. அழிச்ச மாதிரி இருக்கு.”

அக்கா வாத்தைப் பார்த்தாள். எண் இருக்கவேண்டிய வெற்றுத் தகட்டைப் பார்த்தாள். பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கைப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், கூட்டமான பேருந்தில் நிற்பவள்போல. அவன் பக்கம் திரும்பவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான், கழுத்தில் கண்ணாடி தொங்கவிட்ட ஒரு பெரியவர் அவனிடம் வந்தார். “பிரமாதம் தம்பி. யாரு அந்தப் பொண்ணு? நடிக்க வெச்சு எடுத்ததா, நெசமாவே அப்படியா?”

அக்கா நான்கடி தூரத்தில் நின்றாள்.

“தெரியாதுங்க” என்றான். “யாரோ.”

“யாரோவா! அதான் இவ்வளவு நல்லா வந்திருக்கு” என்று பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

அக்கா பிள்ளையின் கையைப் பிடித்தாள். “நம்ம காரு இல்லடி. வாத்து எங்க வேணா விப்பான்” என்றாள். அத்தானிடம், “தலைய வலிக்குதுங்க, கெளம்பலாமா?” என்றாள். எப்போதும் பிரியும்போது ‘ஞாயித்துக்கிழம வந்து சாப்ட்டுப் போ’ என்பாள். அன்று சொல்லவில்லை.

இரண்டு நாள் அவன் அறையிலேயே கிடந்தான். படத்தை எடுத்ததைக்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். அந்த ‘யாரோ’வைச் சமாளிக்க வழியில்லை. மூன்றாம் நாள் பல் மருத்துவமனைக்குப் போனான்.

அக்கா பதிவேட்டில் எழுதிக்கொண்டே, “பேரு சொல்லுங்க” என்றாள். நிமிர்ந்தாள். “உக்காரு. மூணு பேர் இருக்காங்க.”

கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த மூன்று பேருக்கு நடுவே, சிரிக்கும் பல் வரைந்த படத்துக்குக் கீழே, அவன் உட்கார்ந்தான். உள்ளேயிருந்து எச்சில் உறிஞ்சும் குழாயின் சத்தமும் பல் ராவும் சத்தமும் மாறி மாறி வந்தன. அரைமணி நேரம் கழித்து அறை காலியாயிற்று. அக்கா பேனாவை மூடினாள்.

“எத்தன எடுத்த?”

“என்னதுக்கா?”

“படம். அன்னிக்கி.”

“பதினொண்ணு.”

“எவ்வளவு நேரம் நின்ன?”

“ஒவ்வொண்ணுக்கும் முப்பது செகண்டு…”

“அது கேக்கல. மொத்தமா எவ்வளவு நேரம்?”

“நாப்பது நிமிஷம் இருக்கும்.”

தொலைபேசி மணி அடித்தது. “வணக்கம், பல் ஆஸ்பத்திரி. வீக்கம் இருக்குங்களா? சரி, உப்புத் தண்ணில கொப்புளிச்சிட்டு நாலு மணிக்கு வந்துடுங்க.” வைத்தாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

“எங்க நின்ன?”

“எதிர்ச்சாரில. மரத்தடில.”

“பத்து எட்டு இருக்குமா அங்கேர்ந்து?”

அவன் சுவரிலிருந்த பல் படத்தைப் பார்த்தான்.

“நான் போன் பண்ணது பாத்தியா?”

“அப்பப் பாக்கலக்கா. பை அடியில இருந்துச்சு. கெளம்பறப்ப பாத்தேன்.”

“பாத்துட்டும் போயிட்ட.”

“ஆமா.”

அவள் மேசை மேலிருந்த பஞ்சுப் பொட்டலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். “வீட்டுக்குள்ள அழ முடியாதுடா. பொண்ணு முழிச்சிக்குவா. காருல உக்காந்தா அப்பா பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கும். கடைசி நாளு அவர ஏசிட்டேன். சீக்கிரம் ஏறுங்கப்பா, உங்களால தெனமும் லேட்டுன்னு. அதச் சொல்லி அழறதுக்கு வேற யாரு இருக்கா எனக்கு? அதான் ஒனக்குப் பண்ணேன்.”

“படத்த எறக்கிடறேன்க்கா. இன்னிக்கே போய்…”

“எறக்கிட்டா எடுக்காததாயிடுமா?”

கதவு திறந்து ஒரு தாயும் சிறுவனும் உள்ளே வந்தார்கள். அக்கா பதிவேட்டை இழுத்துக்கொண்டாள். அவனைப் பார்க்காமலே தாழ்ந்த குரலில், “அது பாட்டுக்கு இருக்கட்டும். நீயும் போய் அது பக்கத்துலயே இரு. உங்க அத்தானுக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். படுத்தா கட்ட மாதிரி தூங்கற மனுஷன்” என்றாள். பிறகு அந்தத் தாயிடம், “பேரு சொல்லுங்க” என்றாள்.

சொன்னபடியே செய்தான். நிறுவனத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு, கண்காட்சி முடியும்வரை மூன்று வாரமும் காலையில் கூடம் திறக்கும்போது போய்ச் சாத்தும்போது திரும்பினான். பெரிய சுவருக்குப் பக்கத்தில் உட்கார ஒரு சின்ன மரப்பலகை. அதில் உட்கார்ந்திருப்பான். வருகிறவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். “என்ன பொறுமை உங்களுக்கு!” என்றார் ஒருவர். “அவங்களுக்குத் தெரியாமயே அவங்க மனச எடுத்துட்டீங்க” என்றார் இன்னொருவர். ஒரு நடுவயதுப் பெண் வெகுநேரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இந்தப் பொண்ண யாரோ ஒருத்தராவது பாத்தாங்களேன்னு இருக்கு. நன்றி” என்றாள். அவன் நன்றி என்று சொல்லிக் குனிந்துகொண்டான். காலால் பூமியைக் கீறி உள்ளே போய்விட முடியுமானால் போயிருப்பான்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் அத்தான் தனியாக வந்தார். பணிமனை உடுப்பு, விரல் இடுக்கில் கருப்பு மசகு. கூடத்தில் வேறு யாருமில்லை. படத்தெதிரே நின்றார்.

“அன்னிக்கிக் கூட்டத்துல சரியாப் பாக்கல” என்றார்.

அவன் எழுந்து நின்றான். “அத்தான்…”

“எனக்குத் தெரியும் மாப்ளே. நம்ம வீடு எனக்குத் தெரியாதா?” மாடி ஜன்னலை விரல் படாமல் காட்டினார். படத்தில் அது வெறும் கருப்புச் சதுரம். “இதுக்குப் பின்னால நான் நிக்கறேன். தெரியல, இல்ல?”

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

“அப்பா போனதுலேர்ந்து அவ இப்படித்தான். நான் தூங்கிட்டேன்னு நெனச்சு எறங்கிப் போவா. நான் எழுந்து இங்க நிப்பேன். கீழ போனா அவளுக்குக் கூச்சம். அவ உள்ள வந்து படுக்கறப்போ நானும் படுத்து கொறட்ட விடுவேன்.” லேசாகச் சிரித்தார். “கொறட்ட விடறது சுலபம்னு நெனைக்காத. பழகணும்.”

பிறகு சிரிப்பு போய்விட்டது.

“அன்னிக்கி மரத்தடில ஒரு ஆளு நிக்கறதப் பாத்தேன். திருடன்னு நெனச்சு ஸ்பானர எடுத்துட்டேன். அப்புறம் அந்த மூணு காலு சாமான் தெரிஞ்சுது. அட, நம்ம ஆந்தை. எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? சரி, தம்பி வந்துட்டான், இனி அவன் பாத்துப்பான்னு…” அவர் துணியை எடுத்து விரல்களைத் துடைத்தார், ஏற்கெனவே காய்ந்துபோன மசகை. “அன்னிக்கித்தான் ரெண்டு மாசத்துல மொத தடவ நல்லாத் தூங்கினேன்.”

அவன் பலகையில் உட்கார்ந்துவிட்டான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். காறித் துப்பியிருந்தாலும் துடைத்துக்கொண்டிருப்பான்.

அத்தான் படத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்லா இருக்குடா படம். அதான் எரிச்சலா இருக்கு” என்றார். கதவருகே போய்த் திரும்பினார். “அப்பா துணியெல்லாம் பீரோவுல அப்படியே கெடக்கு. அவளால தனியா தொட முடியல. ஞாயித்துக்கிழம வந்து கூட நில்லு. நான் சொன்னேன்னு சொல்லாத.”

கண்காட்சி முடிந்ததும் பொறுப்பாளர் அம்மாள், ‘வீடு 17’ஐ வேறு இரண்டு நகரங்களுக்கு அனுப்பலாம் என்றார். அவன் முடியாது என்றான். ஏன் என்று கேட்டார். அவன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினான். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தான். அன்றிரவு கணினியிலிருந்து அந்தப் பதினொன்றையும் அழிக்க உட்கார்ந்தான். பத்தை அழித்தான். பதினொன்றாவதை அழிக்கக் கை வரவில்லை. அதற்கும் வெட்கப்பட்டான், வெட்கப்பட்டும் அழிக்கவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினான். கேமரா எடுத்துப் போகவில்லை. அக்கா திறந்தாள்.

“என்னடா?”

“அப்பா துணிய எடுத்து வெக்கலாம்னு. ரெண்டு பேருமா.”

அவள் திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். அத்தான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார்; அது தலைகீழாக இல்லை என்பதொன்றே அவர் சாமர்த்தியம். “வா” என்றாள்.

அப்பாவின் அறை அடைத்தே கிடந்ததில் பூச்சி உருண்டை வாசனை அடித்தது. ஜன்னலைத் திறந்து, கட்டிலில் ஒரு விரிப்பைப் போட்டு, பீரோவிலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிடலாம் என்பது ஒரு பக்கம், கிழிந்து வீணானது ஒரு பக்கம். வேலை மும்முரத்தில் பேச்சு கொஞ்சம் வந்தது. ஒரே மாதிரி ஏழு பழுப்புக் காற்சட்டைகள் வந்தபோது, “அப்பா துணிக்கடைக்குப் போனா கண்ண மூடிட்டுத்தான் கைய நீட்டுவாரு போல” என்று அக்கா சொல்லி, இருவரும் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

அப்புறம் சட்டைகள். அவன் ஒன்றை மடிக்க எடுத்தபோது இடது கை தனியாகப் பிரிந்து தொங்கியது. கிழிசல் என்று நினைத்து வீணான பக்கம் போட்டான். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். விரித்துப் பார்த்தான். தோளிலிருந்து மணிக்கட்டு வரை தையலைப் பிரித்து, ஓரம் மடித்துத் தைத்து, ஆறு அழுத்துப் பொத்தான்கள் வைத்திருந்தது. எட்டுச் சட்டையிலும் இடது கை மட்டும்.

“இது என்னக்கா?”

“அந்தக் கையிலதான் ஊசி குத்துவாங்க. நாலு மணி நேரமும் சட்டையில்லாம குளுருல படுத்திருப்பாரு. அதான் இப்படி வெச்சேன். பொத்தானத் தொறந்தா கை மட்டும் வெளிய வரும்.” அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பீரோவின் அடித்தட்டைத் துடைத்தாள். “மொத சட்டைல பொத்தான் தப்பாத் தெச்சுட்டேன். அதையே போட்டுட்டு, ஸ்டைலா இருக்கும்மான்னாரு.”

பதினான்கு மாதம். அத்தனை ஞாயிறுகளில் அப்பா இந்தச் சட்டைகளைத்தானே போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பார். அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை. இருட்டில் எதிர்ச்சாரியிலிருந்து ஒரு கண்ணோரத்து ஈரத்தைப் பிடித்தவன்.

“அக்கா, நான் அன்னிக்கி… அவருகிட்ட யாரோன்னு சொன்னது…”

“பேசாத.” அவள் திரும்பவில்லை. “அந்த மூட்டையப் பிடி.”

பிடித்தான். அவள் மூட்டையின் வாயை இழுத்துக் கட்டினாள். முடிச்சு இறுகும்வரை இருவர் கைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதுல ஒண்ணு நான் எடுத்துக்கட்டுமா?” என்று சட்டைகளைக் காட்டிக் கேட்டான்.

“ஒனக்கு எதுக்கு?”

அவன் ஒரு சட்டையின் பொத்தானைத் திறந்து மூடினான். அளவு சேராது; அப்பா அவனைவிடச் சின்ன உடம்பு. அக்கா எட்டில் ஒன்றை உருவி, உதறி, மடித்து, எந்தப் பக்கமும் வைக்காமல் நாற்காலிமேல் வைத்தாள். எடுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “அந்த மேல் தட்டு எனக்கு எட்டாது. நீ எடு” என்றாள்.

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான்.